நடு மேசையில் கிடந்தவர்

டோர்கஸ் ஹாஸ்கெல் ஆறு வருஷமாக விதவைக் கறுப்பு உடுத்தி வந்தாள். அவள் கணவன் ரூபன் செத்ததோ போன வாரம்தான்.

ரூபன் கப்பல் தச்சன். வேலையில் கெட்டி, குடியில் அதைவிடக் கெட்டி. ஒரு டிசம்பர் குளிரில் அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவன் லைம்ஹவுஸில் இருந்த ஏழைகள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தான். அவள் தேம்ஸ் ஆற்றைத் தாண்டி ரோதர்ஹைத்தில் ஒரு வீடு பிடித்து, குமாஸ்தாக்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுத்துப் பிழைத்தாள். கணவன் எங்கே என்று கேட்டவர்களிடம், "கடலோட போயிட்டாரு" என்றாள். அந்தத் தெருவில் கடலுக்கு ஆளைக் கொடுக்காத வீடு குறைவு. யாரும் துருவிக் கேட்கவில்லை. கறுப்பு உடுப்பும் மரியாதையும் சேர்ந்தே வந்தன.

அவன் சாகக் கிடந்தபோது, சொந்தம் யார் என்று விடுதியில் கேட்டிருக்கிறார்கள். பெண்டாட்டி பெயரையும் தெருவையும் வீட்டையும் சரியாகச் சொல்லியிருக்கிறான். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்கு எல்லா நாளும் தெரிந்திருந்தது. ஒருநாள்கூட வந்து கதவைத் தட்டியதில்லை. விடுதி ஆள் அவள் வீட்டுப் பின்வாசலில் நின்று இதைச் சொன்னபோது, சாவுச் செய்தியைவிட இதுதான் அவளுக்கு உறைத்தது.

விடுதியில் சாகிறவர்களுக்குச் சொந்தக்காரர் யாரும் வராவிட்டால், உடம்பை மருத்துவப் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று ராணி பட்டத்துக்கு வருமுன்பே சட்டம் வந்திருந்தது. அங்கே மாணவர்கள் அறுத்துப் படிப்பார்கள். ஏழைகளுக்குச் சாவைவிட அந்த மேசைதான் பயம். டோர்கஸ் முக்காட்டை இறக்கிவிட்டுக்கொண்டு விடுதி வாசலுக்குப் போனாள். "நான் அவரோட சம்சாரம். டாக்டருங்க கையில குடுத்துடாதீங்க, மண்ணுல போடுங்க" என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டு வந்தாள். விடுதிச் சாவுகளைக் கவனிக்கும் சவப்பெட்டிக்காரன் குட்சன் தொப்பியைக் கழற்றி, ஆகட்டும் என்றான். ஆணி அறைந்து மூடிய பெட்டியின் பின்னால் அவள் தனியாக நடந்தாள். பாதிரியார் ஜெபம் சொன்னார். கொஞ்சம் அழுதாள். விஷயம் தெருவுக்குத் தெரியாமல் முடிந்தது என்று நிம்மதியும் பட்டாள்.

சார்ஜென்ட் ட்ரூ வந்தபோது எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார்ஜென்ட், மிஸஸ் ஹாஸ்கெல் வைக்கிற ஆட்டுக்கறி வாசனை ஸ்டேஷன் வரைக்கும் வந்துடுச்சா?" என்றார் பிம். மாடி அறையில் இருக்கும் துறைமுக குமாஸ்தா, வாய் ஓயாதவர்.

சார்ஜென்ட் சிரிக்கவில்லை. "ரூபன் ஹாஸ்கெலோட சம்சாரம் யாரும்மா?"

"இவங்கதான். ஆனா அந்த மனுஷன் கடல்ல போய் ஆறு வருஷமாச்சே," என்றார் பிம்.

"நான் சொல்றவரு போன வாரம் லைம்ஹவுஸ் விடுதியில செத்தவரு."

முள்கரண்டிச் சத்தம் நின்றது. இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் சார்ஜென்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற விதம் அவளைத் தடுத்தது.

"நான்தான்," என்றாள். யாரையும் பார்க்காமல் சமையலறைக்கு நடந்தாள்.

சார்ஜென்ட் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். குட்சனும் அவன் வண்டிக்காரனும் பங்குத் தகராறில் முட்டிக்கொண்டார்கள். வண்டிக்காரன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். சொந்தக்காரர் வந்து கேட்ட உடம்பையும் குட்சன் மருத்துவப் பள்ளிக்கு விற்றிருக்கிறான். பள்ளியில் அறுத்து முடித்துத் திருப்பிக் கொடுத்த வேறு யாரோ ஒருவரின் மிச்சத்தைப் பெட்டியில் போட்டு ஆணி அறைந்து, குடும்பத்தை அதன் பின்னால் நடக்க வைத்திருக்கிறான்.

"நீங்க கூடப் போனீங்களே, அந்தப் பெட்டியைத் தோண்டிப் பாத்தோம்மா. உள்ள ஒரு கெழவி."

"நான் அதுகிட்ட நின்னு அழுதேனே."

"எல்லாரும்தான் அழுதாங்க. அவனும் தொப்பியக் கழட்டிட்டுக் கூடவே நின்னான்." சார்ஜென்ட் தொண்டையைச் செருமினார். "உங்க வீட்டுக்காரர் இன்னும் அந்தப் பள்ளியோட அறுவைக் கூடத்துலதான் கெடக்கணும். நீங்க வந்து இவருதான்னு காட்டினா, அவருக்கு நல்லபடியா அடக்கம் கெடைக்கும். குட்சனும் உள்ள போவான். மத்த குடும்பம் எதுவும் வாயத் தெறக்க மாட்டேங்குது."

"ஏன்?"

"விடுதியில செத்தவன் எங்காளுன்னு கோர்ட்டுல ஏறிச் சொல்லணுமே. வெக்கம்."

அவருடன் போனாள். அறுவைக் கூடம் மேலிருந்து வெளிச்சம் விழுகிற நீளமான அறை. மாணவர்கள் புகையிலைக் குழாய்ப் புகையால் நாற்றத்தை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஆஷ்பீ என்ற இளம் டாக்டர் துணிகளை விலக்கினார். மூன்று மேசைகளில், அதே வாரம் அந்த விடுதியிலிருந்து வந்த மூன்று கிழவர்கள்.

"ஏதாவது அடையாளம் உண்டாம்மா?" என்றார் சார்ஜென்ட்.

"இடது கையில நங்கூரம் பச்ச குத்தியிருப்பாரு."

ஆஷ்பீ தரையைப் பார்த்தார். "கையெல்லாம் மொதல்லயே பிரிச்சுப் பசங்களுக்குக் குடுத்துடுவோம்மா. தோலும் இருக்காது. உள்ள வந்தா பேரும் கெடையாது. மொகத்தத்தான் பாக்கணும்."

அவள் முகங்களைப் பார்த்தாள். வீட்டை விட்டுப் போன ரூபனுக்கு மார்பு வரை தாடி, கன்னத்தில் சதை, தலை நிறைய முடி. இங்கே கிடந்த மூவருக்கும் தலையும் முகமும் மழித்திருந்தது. விடுதிக் கஞ்சியில் மூவருக்கும் கன்னம் ஒரே மாதிரி ஒட்டிப்போயிருந்தது. முதலாமவரைப் பார்க்கும்போது ரூபன் போலிருந்தது. மூன்றாமவரைப் பார்க்கும்போதும் அப்படியே இருந்தது. மறுபடி முதலில் இருந்து பார்த்தாள். மோவாய் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்; தாடிக்குள் இருந்த மோவாயை அவள் கலியாணத்துக்கு முன்பு பார்த்ததுதான்.

"தெரியலையோ என்னவோ," என்று ஒரு மாணவன் முணுமுணுத்தான்.

"பொண்டாட்டிக்குத் தெரியாமலா?" என்றான் இன்னொருவன்.

அவள் காது சுட்டது. "இவருதான்," என்று நடு மேசையைக் காட்டினாள். காட்டியபின் கையை இறக்கத் தோன்றாமல் அப்படியே வைத்திருந்தாள். ஆஷ்பீதான் மெதுவாகத் துணியை இழுத்து மூடினார்.

கோர்ட்டில் குட்சனின் வக்கீல் அவளைப் பிய்த்து எடுத்தார். "உயிரோட இருந்த புருஷனுக்குக் கறுப்பு கட்டிக்கிட்டுத் தெருவையே ஏமாத்தினீங்க, இல்லையா?"

"ஆமாங்க."

கோர்ட்டே சிரித்தது.

"ஆறு வருஷத்துல ஒரு தடவைகூடப் போய்ப் பாக்கல. அப்புறம் எப்படி அடையாளம் தெரிஞ்சது?"

சத்தியம் செய்யப் பைபிளை முத்தமிட்ட வாய் உலர்ந்திருந்தது. "கட்டின புருஷன் எனக்குத் தெரியாமப் போயிடுவாரா?" என்றாள்.

சிரிப்பு அடங்கிவிட்டது. ஜூரியில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். குட்சன் சிறைக்குப் போனான்.

வீட்டில் எல்லோரும் காலி செய்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்திருந்தாள். ஒருவரும் போகவில்லை. பத்திரிகை அவளை உத்தமி என்று எழுதியது. பிம் அதைச் சாப்பாட்டு மேசையில் உரக்க வாசித்தார். அவள் உள்ளே வந்தால் எழுந்து நிற்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். கறிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, உட்காருங்கள் என்று சொல்லவும் முடியாமல் அவள் நிற்பாள். நடு மேசையில் கிடந்தவரைப் புதைத்த இடத்துக்குத் தெருவே சேர்ந்து கல் வாங்கிக் கொடுத்தது. ரூபன் ஹாஸ்கெல், கப்பல் தச்சர் என்று வெட்டியிருந்தது. முன்பு பொய் சொன்னபோது வராத தூக்கமின்மை, புகழ் வந்தபின் வந்தது.

ஈஸ்டர் கழிந்து, எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெமைமா ஸ்டோக்ஸ், கென்ட் பக்கம் தோட்டக் கூலி. காலில் சேறு காயவில்லை. மேசையோரம் உட்கார மறுத்து நின்றபடியே பேசினாள்.

"எங்கப்பாவும் அதே வாரந்தான் அந்த விடுதியில செத்தாரு. சேதி வந்து சேரவே பாதி மாசம் ஆயிடுச்சு. போய்க் கேட்டா, மிச்சமிருந்த ரெண்டு பேரையும் ஒரே குழியில போட்டாச்சுன்னாங்க. உங்களப் பத்திச் சொன்னாங்க. அதான் ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு."

"கேளு."

"எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க? நான் அப்பாவப் பாத்து நாலு வருஷம். மொட்டையடிச்சுக் கெடத்தியிருந்தா எனக்குச் சத்தியமா தெரிஞ்சிருக்காது. வழி பூரா அதையே நெனச்சு அழுதுட்டு வந்தேன்."

"மிஸஸ் ஹாஸ்கெல் ஒரே பார்வையில சொல்லிட்டாங்க," என்றார் பிம் பெருமையாக. "ஊரே அசந்துடுச்சு."

அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னதைத்தான் டோர்கஸ் அன்று மூன்று மேசைகளின் நடுவில் சொல்லாமல் விழுங்கியிருந்தாள்.

"எனக்குத் தெரியல," என்றாள்.

"என்னது?" என்றார் பிம்.

"யாருன்னே தெரியல. எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க. பொண்டாட்டிக்கே தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஒண்ணைக் காட்டிட்டேன்."

பிம் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஜெமைமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க பொதைச்சது எங்கப்பாவா இருக்கலாம்."

"இருக்கலாம்."

"உங்க வீட்டுக்காரரு அந்தக் குழியில, பேரில்லாமக் கெடக்கலாம்."

டோர்கஸ் தலையசைத்தாள். சுவரில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தாள். "வா. கல்லறைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க வேணாம்," என்றாள் ஜெமைமா. குரலில் கோபம்கூட இல்லை. "எடத்த மட்டும் சொல்லுங்க."

டோர்கஸ் சொன்னாள். இரும்புக் கதவு, வலப்பக்கச் சுவர், சுவரோடு போனால் புதுக் கல் ஒன்றுதான். அப்புறம், "கல்லுல ரூபன் ஹாஸ்கெல்னு போட்டிருக்கும்" என்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது," என்றாள் ஜெமைமா. கதவருகில் போய் நின்றாள். "ஒருவிதத்துல நல்லதாப் போச்சு."

அவள் தெருக்கோடி திரும்பும்வரை டோர்கஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். உள்ளே வந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை.