ஈற்றோடு ஈறு

சென்ற ஞாயிறன்று விருந்துக்கு வந்திருந்த என் மைத்துனர் மதலைமுத்துவின் பல்லில் ஒரு கல் நறுக்கென்று கடிபட்டது. அவர் ஓசைப்படாமல் அதை இலையோரம் ஒதுக்கினார். ஆயினும் அவருடைய தங்கையும் என் மனைவியுமாகிய அமலியின் முகம் சுண்டிவிட்டது. எங்கள் வயலில் விளைந்த நெல். அவள் கையால் கல் பொறுக்கிய அரிசி.

"அம்மாவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா. இனிமே கடையில பாக்கெட் அரிசி வாங்கிக்குவோம்" என்றான் என் மகன் கிளாட்சன்.

அமலி அதன்பின் முறத்தைத் தொடவில்லை.

எனக்குச் சினம் பொங்கியது. அவள் பார்வையில் குறையில்லை என்று கண் மருத்துவரே அண்மையில் சொல்லியிருந்தார். குற்றம் கண்ணில் இல்லை, சமையலறையில் இருந்தது. குழல்விளக்கு அவள் முதுகுக்குப் பின்னே எரிகிறது. மேடையருகே நிற்பவளின் நிழல் முறத்தின்மீதே விழுகிறது. மேல் அலமாரியின் அடியில் விளக்கு எரிந்தால் நிழலுக்கு இடமேது? கும்பகோணத்திற்குச் சென்று, ஒன்றோடொன்று கோத்து எரியவைக்கும் எல்.இ.டி. பட்டைகள் மூன்றை வாங்கிவந்தேன்.

"எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்கப்பா."

"பிளக்கச் செருவுறதுக்கு எலக்ட்ரீஷியன் எதுக்குடா?"

அலமாரியின் அடிப்பலகையில் திருகாணிகளை முடுக்கி, பட்டைகளை வரிசையாகப் பொருத்தி, இடையே இணைப்புக் கம்பிகளைச் செருகினேன். பொத்தானை அழுத்தினேன். முதற்பட்டை மட்டும் எரிந்தது.

"வாத்தியாரு வீட்டு வெளக்கு ஒண்ணாங்கிளாசோட நின்னுடுச்சே!" என்றாள் அமலி. ஞாயிற்றுக்குப் பின் அவள் அடித்த முதல் கேலி. தோற்கக் கூடாது என்று அப்போதே உறுதிகொண்டேன்.

பிளக்கை உருவிவிட்டு, உடன் வந்த விளக்கத்தாளைப் பிரித்தேன். 'விளக்கு பட்டையை இணைத்து கொள்ளவும்.' ஒரே வரியில் இரண்டு ஒற்றுப்பிழைகள்! விலைபோட்டு விற்கும் பொருளுக்குப் பிழையற்ற தமிழ் தரக்கூடாதா? சிவப்புப் பேனாவை எடுத்து, 'விளக்கு'க்கும் 'பட்டை'க்கும் நடுவே ஒரு 'ப்' இட்டேன். பழக்கத்தால் வாய் முணுமுணுத்தது: நிலைமொழியின் ஈறு, வருமொழியின் முதல்.

பேனா நின்றது.

ஒவ்வொரு பட்டையும் ஒரு முனையில் மின்சாரத்தை வாங்கி, மறுமுனையில் அடுத்ததற்குத் தருவது. நடுப்பட்டையின் பொத்தான் அமலியின் வலக்கைக்கு வாகாக இருக்கட்டுமென்று அதை மட்டும் திருப்பிப் பொருத்தியிருந்தேன். முதற்பட்டையின் ஈற்றோடு நடுப்பட்டையின் ஈற்றைப் புணர்த்தினால் எப்படி எரியும்?

கழற்றித் திருப்பினேன். மூன்றும் எரிந்தன. மேடையில் நிழல் என்று சொல்ல ஒரு கீற்றும் இல்லை.

அமலி விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முறத்தை எடுத்தாள். மருமகள் சான்ட்ரா அருகில் வந்து குனிந்தாள்.

"சுத்தமாத்தான் இருக்கு அத்தை."

அமலி ஒன்றைப் பொறுக்கி நீட்டினாள். "அப்ப இது என்னாது?"

"அரிசி."

"கடிச்சுப் பாரு."

சான்ட்ரா விரலால் உருட்டினாள். "ஐயோ, கல்லு!"

"ரோட்டுல காயப்போட்ட நெல்லும்மா. அரிசி நெறத்துலயே ஒளிஞ்சிருக்கும்." அமலி கூடத்தை நோக்கிக் குரலை உயர்த்தினாள். "கிளாட்சா! ஒம்பொண்டாட்டிக்கும் கண்ணு போச்சாம். பாக்கெட் அரிசி யாருக்குடா?"

பிறகு என்னிடம், "அண்ணனுக்குப் போன் போடுங்க. ஞாயித்துக்கெழம அண்ணியோட வரச் சொல்லுங்க" என்றாள்.

மைத்துனர் கேட்டார்: "என்னா மாப்பிள்ள, போன வாரந்தான வந்தேன்? இப்ப என்ன விசேஷம்?"

அமலி கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சோறுண்ணே" என்றாள்.