ரொட்டி வண்டியில் வராத பதாகை

முன்ஜியின் காரில் இரண்டு பிரேக்குகள் உண்டு. ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் முன்ஜிக்கு ஒன்று. வருஷக்கணக்காக அடுத்தவர் ஓட்டுவதை நம்பாமல், தன் பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே பிழைப்பு நடத்தியவனுக்கு மனிதர்களை நம்பும் பழக்கம் எங்கிருந்து வரும்? குஸ்குஸில் உப்பு குறைந்தால்கூட, மனைவி யார் பேச்சைக் கேட்டுக் குறைத்தாள் என்று யோசிக்கிற ஆள் அவன்.

ஆனால் ரவூஃப் விஷயத்தில் அவன் பட்ட சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. ரவூஃப் ஒன்பது வருஷமாக ஜிஸ்ர் கால்பந்து அணியின் தலைவர். ஊரின் பெரிய மாவு ஆலையும் அவருடையதுதான். சட்டை மாற்றுவதுபோலப் பயிற்சியாளர்களை மாற்றினார். அணி பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு ஏறிய ஒரே வருஷத்தில், பாதிப் பருவத்தில், கோல் போடத் தெரிந்த ஒரே பையனைத் தலைநகர் தூனிஸின் அணிக்கு விற்றார். எதிர்காலத்துக்காக விற்றேன் என்று வானொலியில் சொன்னார். அந்த எதிர்காலம் வந்து சேர்ந்தபோது ஜிஸ்ர் கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்தது.

இப்போது அந்தக் கடைசி இடத்து அணியிடமும் சொந்த மைதானத்தில் தோற்றாயிற்று. கிடைத்த ஒரு பெனால்டியை, எப்போதும் அடிக்கிறவனை விலக்கிவிட்டு ரவூஃபின் மருமகன் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து வெளிச் சுவரைத் தாண்டிப் போயிற்று.

"அவனை அடிக்கச் சொன்னது யாரு? எனக்கு அது தெரிஞ்சாகணும்," என்றான் முன்ஜி, காப்பிக் கடையில்.

"கோச்சுதான் சொல்லியிருப்பாரு," என்றான் ஃபத்ஹி. முன்ஜியின் மனைவிக்குத் தம்பி. மைதானத்தில் ரசிகர்களுக்கு முரசு அடிப்பவன்.

"கோச்சுக்கு யாரு சொன்னது?"

"இப்படியே போனா, பந்துக்கு யாரு சொன்னதுன்னு கேப்பீங்க மச்சான்."

"கேப்பேன். மாமனார் ஆலையில கோதுமையை அரைக்கிறாரு, மருமகன் மைதானத்துல நம்ம மானத்தை அரைக்கிறான். நீ சிரி!"

ஃபத்ஹி சிரித்தான். முன்ஜிக்குச் சிரிப்பு வரவில்லை. சமீபத்தில் அவன் மனதை அரித்த இன்னொரு விஷயமும் இருந்தது. 'கடல் ஓநாய்கள்' என்ற ரசிகர் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கம்பித் தடுப்பின் மேல் நின்று, மைதானத்தின் வடக்குப் பார்வையாளர் படிகளில் இருக்கும் அத்தனை பேரையும் கத்தவைப்பது அவன் வேலை. ரவூஃபைப் பதவி விலகச் சொல்லி அங்கே தவறாமல் பாட்டு எழும். அந்தப் பாட்டுக்காக வாங்கிப் படிகளுக்கடியில் ஒளித்து வைத்திருந்த, பற்றவைத்தால் வண்ணப் புகை கக்கும் தடைசெய்யப்பட்ட புகைக் குச்சிகளைப் போலீஸ் நேராக வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"மோப்ப நாயைக் கூட்டிட்டு வந்தாங்க. நான் கண்ணால பாத்தேன்," என்று ஃபத்ஹி எத்தனையோ முறை சொல்லிவிட்டான்.

"நாய்க்கு யாரு சொன்னது?" என்றுதான் முன்ஜி கேட்டான். கூட்டத்துக்குள் ரவூஃபின் ஆள் இருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டான்.

புகைக் குச்சி போனால் வேறு வாங்கலாம். கூட்டத்தின் பதாகை அப்படியில்லை. நீலத் துணியில் வெள்ளை ஓநாய்த் தலை; கூட்டம் தொடங்கியவர்கள் கையாலேயே தைத்தது. எந்த ரசிகர் கூட்டத்துக்கும் அப்படி ஒன்றுதான் இருக்கும். அதை எதிரி அணியின் ரசிகர்கள் கைப்பற்றிவிட்டால், அன்றைக்கே கூட்டத்தைக் கலைத்துவிட வேண்டும். இன்னொன்று தைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எழுதி வைத்த சட்டங்களை மீறுகிறவன்கூட இதை மீறமாட்டான். கூட்டம் கலைந்தால் ரவூஃபைக் கேள்வி கேட்க ஊரில் நாதியில்லை. முன்ஜியின் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

பதாகையை வைத்திருந்தவன் நூரி. முன்ஜியோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கப்பல் வந்தால் மேலே எழும்பும் கால்வாய்ப் பாலத்துக்கு அக்கரையில் ரொட்டிக் கடை வைத்திருந்தான். மைதானத்துச் சிற்றுண்டிக் கடைக்கு ரொட்டி அவனுடையது. ஆட்ட நாளன்று விடியலில் அவன் வண்டியில், யார் கண்ணிலும் படாமல், ரொட்டித் தட்டுகளுக்கு அடியில் பதாகை படுத்திருக்கும். பின்வாசல் வழியாகப் போய்ச் சேரும். சூடான ரொட்டியை ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளும் காவலர்கள் தட்டைத் தூக்கிப் பார்த்ததே இல்லை. கோல் போடுகிற பையனை விற்ற அன்று, இனி ரவூஃபின் மாவைத் தொடமாட்டேன் என்று படிகளில் நின்று சத்தியம் செய்தவனும் இதே நூரிதான். அன்றிலிருந்து மாவுக்காகப் பக்கத்து ஊருக்கு வண்டி கட்டினான்.

அந்த நூரி, வெள்ளிக்கிழமை, ரவூஃபின் ஆலையின் பக்கவாசல் வழியாக வெளியே வந்தான். முன்ஜி அப்போது ஒரு பெண்ணுக்குக் காரைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். பார்த்த வேகத்தில் தன் பிரேக்கை மிதித்தான்.

"நான் என்ன தப்பு பண்ணினேன் சார்?" என்றாள் அவள்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா," என்றான் முன்ஜி.

சாயங்காலம் நூரிக்குப் போன் செய்தான்.

"இன்னிக்கு எங்கடா போயிருந்தே?"

"கடையிலதான் இருந்தேன். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

பொய்! சிறு வயதிலிருந்து தன்னிடம் ஒரு பொய் சொல்லாதவன் இன்று சொல்கிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். முன்ஜிக்கு வெள்ளை மாவு மூட்டையே பேயாகத் தெரிந்தது. ஃபத்ஹியிடம் மட்டும் சொன்னான். ஃபத்ஹி முதன்முறையாகச் சிரிக்காமல் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எதிரி 'வாதி' அணி. பக்கத்து மாவட்டம், பழைய பகை. விடிந்தும் விடியாமலும் முன்ஜி பாலத்தைக் கடந்து நூரியின் வீட்டுக் கதவைத் தட்டினான். நூரி அப்போது கடையில் ரொட்டி அடுப்பருகே இருந்தான். அவன் மனைவி ஸகியா திறந்தாள்.

"பதாகையைக் குடும்மா. இன்னிக்கு நான் எடுத்துட்டுப் போறேன்."

"ஏண்ணே, வண்டியில வர்றதுதானே வழக்கம்?"

"ஓரத்துல தையல் பிரிஞ்சிருக்கு. தச்சுக்கணும்."

"போன வாரம்தானே நான் துவைச்சேன். தையல் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தாள். கணவனின் கூட்டாளியைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை.

துணியைக் கார் டிக்கியில் வைத்துவிட்டு, அக்கரையிலேயே ஒரு சந்தில் காரை நிறுத்தி, உள்ளேயே காவல் உட்கார்ந்தான். யாராவது பின்தொடர்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்தபடி மதியம்வரை இருந்தான். ஒரு பூனையைத் தவிர யாரும் வரவில்லை. பிறகு புறப்பட்டான். கூரையில் 'முன்ஜி ஓட்டுநர் பள்ளி' என்று பெரிய எழுத்தில் பலகை வைத்த கார் அது. கடல் ஓநாய்களின் தலைவன் யார் என்று நாட்டில் எந்த ரசிகனைக் கேட்டாலும் சொல்வான். அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட முன்ஜிக்குத் தன் தலைக்கு மேலிருந்த அந்தப் பலகை நினைவுக்கு வரவில்லை.

பாலத்துக்கு வந்தபோது தடுப்பு விழுந்தது. பாலத்தின் நடுப்பகுதி மெல்ல மேலே எழும்பியது. முன்னால் ஒரு வரிசைக் கார்கள், பின்னால் திரை போட்ட சுற்றுலாப் பேருந்து ஒன்று. முன்ஜி கால்வாயைப் பார்த்தான். கப்பலே இல்லை.

"கப்பல் இல்லாம யாருக்காகத் தூக்குறான்? அதுவும் ஆட்ட நேரத்துல?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டான். தன்னை நிறுத்தத்தான் தூக்கியிருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. காரை விட்டு இறங்கி, வரிசையைத் தாண்டி, தடுப்பருகே நின்ற பாலத்து ஊழியரிடம் விடுவிடுவென்று போனான்.

"யாரு சொல்லித் தூக்கினீங்க?"

"என்னப்பா கேள்வி இது?"

"ரவூஃபா சொன்னாரு?"

அவர் முன்ஜியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார். ஏரிப் பக்கத்து வளைவிலிருந்து சிமெண்டு ஏற்றிய ஒரு கப்பல், யாருக்கும் அவசரமில்லாததுபோல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"அதோ வருதுல்ல, அந்தக் கப்பல் சொல்லிச்சு. வெயில்ல நிக்காதே, காருக்குப் போ."

திரும்பி வந்தபோது டிக்கி திறந்து கிடந்தது. உள்ளே மாற்றுச் சக்கரம் மட்டும் இருந்தது. முன்ஜி சுற்றிச் சுற்றிப் பார்த்தான். முன் காரில் ஒரு குடும்பம் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லையாம். இது ரவூஃபின் ஆள் செய்த வேலை, காலையில் பதாகையை எடுத்து வந்ததும் நூரி தகவல் கொடுத்திருப்பான் என்று மனம் கணக்குப் போட்டது. பாலம் இறங்கியதும் பின்னாலிருந்த பேருந்து அவனைக் கடந்து போயிற்று. ஊரிலேயே அவன் சந்தேகப்படாத ஒரே வண்டி அதுதான்.

ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் எதிர்ப் படிகளில் வாதி ரசிகர்கள் ஒரு துணியை விரித்தார்கள். நீலத்தில் வெள்ளை ஓநாய். தலைகீழாகப் பிடித்திருந்தார்கள்.

வடக்குப் படிகளில் முரசு நின்றது. வளர்ந்த ஆண்கள்கூட அழுதார்கள். முன்ஜி கம்பித் தடுப்பிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் நூரி, சட்டையெல்லாம் மாவாக, கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேலே வந்தான். ஃபத்ஹி பாய்ந்து அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்தான்.

"எவ்வளவுக்குடா வித்தே? ஆலையில போய் எவ்வளவு வாங்கினே?"

நாலைந்து பேர் எழுந்தார்கள். நூரி கையை எடுத்துவிடக்கூட முயலவில்லை. முன்ஜியையே பார்த்தான். ஸகியா அவனிடம் எல்லாம் சொல்லியிருப்பாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். அவன் சொல்லவில்லை, முன்ஜி சொல்வான் என்று காத்திருந்தான்.

முன்ஜிக்கு அந்தக் கணத்தில் ஒரு கேவலமான நினைப்பு வந்தது. பதாகை நூரியின் பொறுப்பு. வாயை மூடிக்கொண்டால் ஊர் நம்பிவிடும். ஒருவன் நூரியை அடிக்கக் கையை ஓங்கினான்.

"விடுங்கடா அவனை!" என்று கத்தினான் முன்ஜி. "நான்தான் எடுத்தேன். காலையில அவன் வீட்டுல போய், பொய் சொல்லி எடுத்தேன். பாலத்துல காரை விட்டு இறங்கினேன். என் கையிலிருந்துதான் போச்சு."

ஃபத்ஹியின் கை தானாக நழுவியது. எதிர்ப் படிகளின் கூச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆலைக்கு ஏன்டா போனே?" என்றான் முன்ஜி. கேட்கும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"என் பையனை ஜூனியர் அணித் தேர்வுக்குச் சேத்துக்கணும்னா ரவூஃப் தலையாட்டணும். எவன் மாவைத் தொடமாட்டேன்னு இங்க நின்னு சத்தியம் பண்ணினேனோ, அவன் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அதை உங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"கேட்டிருந்தா…"

"கேட்டியா நீ? எங்கடா போனேன்னு கேட்டே. ஏன் போனேன்னு கேக்கவே இல்லையே."

நூரி கழுத்திலிருந்த, கூட்டத்தின் நீலத் துண்டைக் கழற்றி மடித்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். ஃபத்ஹி முரசுக் குச்சிகளைப் படியில் வைத்தான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வடக்குப் படிகள் காலியாகத் தொடங்கின. எதிரே தலைவர் மாடத்தில் ரவூஃப் எழுந்து நின்று என்ன நடக்கிறதென்று பார்த்தார். புரிந்ததும் உட்கார்ந்துகொண்டார்.

முன்ஜி நூரியின் கையைப் பிடித்தான். "என்னை ரெண்டு அடி அடிச்சிடுடா."

நூரி கையை விலக்கிக்கொண்டான்.

"அந்த ஆளை நாற்காலியை விட்டு இறக்க உனக்கு ஒன்பது வருஷம் பத்தல முன்ஜி. என்னை உன் மனசுலேருந்து இறக்க ஒரு காலைப்பொழுதே போதுமா இருந்திச்சு."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். முன்ஜி பின்னாலேயே போகவில்லை. கீழே ஜிஸ்ர் ஒரு கோல் வாங்கியது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவன், தன் பக்கத்தில் யாருமில்லை என்பதைப் பார்த்து மூடிக்கொண்டான்.