பெரியம்மா ஊட்டிய சோறு

ஜெனி டப்பாவில் அடைத்து வைத்துவிட்டுப் போகும் சோற்றை நான் ஒருநாளும் குழந்தைக்குக் கொடுத்ததில்லை. கோழிக்குப் போடுவேன். டப்பாவைக் கழுவி, ஸ்பூனையும் நனைத்து உள்ளே போட்டு, சாயங்காலம் அவள் வந்ததும் கையில் கொடுப்பேன்.

"நல்லா சாப்ட்டாளாக்கா?" என்பாள்.

"ஒரு பருக்கை மிச்சம் வைக்கல" என்பேன். கோழி மிச்சம் வைக்கவில்லை என்பது உண்மைதானே.

ஜெனி என் கொழுந்தன் பென்சனின் மனைவி. பெருமாள்மலையில் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்து, இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரர் ஆக்னலும், அந்தப் பக்கம் அவர்களும் இருக்கிறோம். பென்சன் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறான். ஜெனிக்குக் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். அதுவரை அவள் மகள் அருள்மேரி என்னிடம். நான்கு வயது நடக்கிறது. எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. இதை நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லிவிடும்.

ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும் என்பது ஜெனியின் சட்டம். ஜூன் மாதம் ஸ்கூலில் சேர்க்கும்போது பிள்ளை ஸ்பூன் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டுமாம். நான் தலையை ஆட்டிவிட்டு, அவள் பஸ் வளைவைத் தாண்டியதும் என் அடுப்பை மூட்டுவேன். சுடுசோற்றில் நெய் விட்டு, கருவாட்டுத் துண்டை முள் பார்த்துக் கிள்ளிப் போட்டு, உருட்டி உருட்டி ஊட்டுவேன். மதியம் ஒரு தடவை, அவள் பஸ் வருவதற்குச் சற்று முன்பு இன்னொரு தடவை. அந்த இரண்டாவது தடவை எதற்கு என்று எனக்குத்தான் தெரியும். வயிறு நிறைந்த பிள்ளை ராச்சோற்றுக்கு வாயைத் திறக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனி, "ஒரு வாய்டா தங்கம், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவாள். இந்தப் பக்கம் நான் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இதற்குப் பெயர் பொறாமை என்று எனக்கு நன்றாகத் தெரியும். கோயில் பாவசங்கீர்த்தனத்தில் மாதாமாதம் சாமியாரிடம் சொல்லியும் இருக்கிறேன். அவர் கொடுக்கும் ஜெபத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் பெற்றாள், சரி. பெற்றதைத் தவிர வேறு என்ன செய்தாள்? பல் முளைத்தபோது கடித்தது என் விரலை. நடை பழகியது என் முற்றத்தில். ஆனால் சாயங்காலம் பஸ் ஹாரன் கேட்டால் போதும், "அம்மா" என்று என் மடியை உதைத்துவிட்டு ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்க்கச் சகிக்காது எனக்கு.

எங்களுக்கு எட்டு ஆடுகள் உண்டு. பொங்கல் கழிந்து ஒருநாள் ஆட்டுப் புழுக்கையில் வெள்ளை வெள்ளையாக அரிசி போல ஒட்டிக்கிடந்தது. கால்நடை டாக்டர் சேனாதிபதி வந்து பார்த்துவிட்டு, நாடாப்புழு என்று சொல்லி எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றினார்.

"எங்க ஆட்டுக்கு மட்டுமாங்க?" என்று கேட்டேன்.

"இந்த மலையில புழு இல்லாத ஆடுன்னு ஒண்ணைக் காட்டுங்க, நான் மாலை போடுறேன்" என்றார். "ஆடு, மாடு, பன்னி, நாய், மனுஷன், எல்லாருக்கும் வகைக்கு ஒண்ணு இருக்கும்மா. ஆட்டுக்கு இருக்கிறது உங்களுக்கு ஒட்டாது. ஆனா பன்னிக்கும் மனுஷனுக்கும் உள்ளது மாத்தி மாத்திப் பரவும். ஆட்டுக்குன்னா வெரசா எனக்குப் போன் போடுவீக. மனுஷனுக்குன்னா வெக்கப்பட்டுக்கிட்டு வாயை மூடிக்குவீக."

நான் சிரித்தேன். ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குழந்தைக்குச் சோறு பிசையப் போனேன்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலையில் அது நடந்தது. ஜெனி குழந்தைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் அலறியது கேட்டு ஓடினேன். அருள்மேரிக்குக் கண் மேலே செருகி, வாய் ஒரு பக்கமாக இழுத்து, இடது கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஜெனி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். என் மடியில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றுதான் தோன்றியது.

பென்சன் காரிலேயே கீழே இறங்கி மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் புவனா என்று ஒரு இளவயது அம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டினார். மூளையில் பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு.

"நாடாப்புழுவோட முட்டை வயித்துக்குள்ள போயி, அதுல வந்த குஞ்சு ரத்தத்தோட மூளைக்குப் போயி கட்டியா உக்காந்திருக்கு. மருந்துக்குக் கரைஞ்சிரும். வலிப்பு மருந்தை மட்டும் ஒருநாள்கூட விடாமக் குடுக்கணும்" என்றார்.

நாடாப்புழு என்றதும் எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. "பன்னிக்கறி!" என்றேன். "கிறிஸ்துமஸுக்கு அய்யம்பாளையத்துல உங்கம்மா வீட்டுல குடுத்தியேடி! பச்சப்பிள்ளைக்குக் குடுக்காதன்னு நான் சொன்னேன்ல?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஜெனிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அது இல்லம்மா" என்றார் டாக்டர். "சரியா வேகாத பன்னிக்கறி தின்னா தின்னவங்க குடல்ல புழு வளரும். முட்டை அவங்க மலத்துல வரும். கழுவாத கை வழியா அடுத்தவங்க வாய்க்குள்ள போனாத்தான் இந்த மாதிரி மூளைக்கு வரும். கறியே தொடாதவங்களுக்கும் வரும். காய்கறியில, தண்ணியிலகூட வரலாம். ஆனா முதல்ல வீட்டு ஆளுங்களைப் பாத்துரணும். பிள்ளைக்குச் சமைச்சு ஊட்டுறது யாரு?"

"நான்தான் டாக்டர்" என்றாள் ஜெனி. "காலையில வெள்ளனே செஞ்சு டப்பாவுல வச்சிட்டுப் போவேன். அக்கா அதை ஸ்பூன்ல குடுப்பாங்க. கை படாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்வதற்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

சமைத்தவள் அவள் என்றால் குற்றமும் அவளுடையது என்று முடிவாகிவிட்டது. பென்சன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சுகாதார நிலையத்தில் நாங்கள் நான்கு பேரும் சின்ன டப்பியில் மலம் கொண்டுபோய்க் கொடுத்தோம். முடிவு வரப் பத்து நாள் ஆகும், அதுவரை எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்றார்கள். அன்றைக்கே ஜெனி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் விட்டாள்.

"நீங்களே வச்சிக்கோங்கக்கா. என் கை வேணாம் அவளுக்கு."

பத்து நாளும் அவள் குழந்தையைத் தொடவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அந்தப் பக்கம் கையைக் கழுவிக் கழுவி உட்கார்ந்திருந்தாள். சோப்புப் போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. எனக்கு அந்தப் பத்து நாளும் திருவிழா. காலையும் நான், மதியமும் நான், ராத்திரியும் நான். மருந்தையும் சோற்று உருண்டையில் வைத்து நானே ஊட்டினேன். குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியது. கையைக் கழுவச் சொன்னது ஜெனியை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பதினோராம் நாள் டெஸ்ட் முடிவுச் சீட்டு வாங்க நான் போனேன். நானாகத்தான் போனேன். அவள் பெயருக்கு நேரே எழுதியிருப்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

"ரெஜினா யாரு?" என்றார் நர்ஸ்.

"நான்தான்."

"உங்களுக்குத்தான்மா இருக்கு. மத்த மூணு பேருக்கும் ஒண்ணுமில்ல" என்று நான்கு சீட்டையும் கொடுத்தார்.

வேறு யாருடைய சீட்டாவது மாறியிருக்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பன்னிக்கறி சாப்பிடுவீங்களா? சரியா வேகாதது?"

எங்கள் கோயில் பங்குத் திருவிழாவில் பன்றிக்கறி என்றால் ரெஜினாதான் செய்ய வேண்டும். கொதிக்கும்போதே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு உப்புப் பார்ப்பேன். காரம் பார்க்க இன்னொன்று. அது பாதிகூட வெந்திருக்காது. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எனக்கும் வெள்ளையாக ஏதோ போனதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். ஆட்டுக்கு வந்தபோது டாக்டரைக் கூப்பிட்டவள் நான்.

"வெக்கப்படாதீங்க. இந்த மாசம் நீங்க அஞ்சாவது ஆளு" என்று நர்ஸ் மாத்திரையைக் கொடுத்து, தன் முன்னாலேயே விழுங்கச் சொன்னார். "புழு செத்து முழுசா வெளிய போகச் சில நாள் ஆகும். மறுபடி டெஸ்ட் பண்ணிச் சொல்றவரைக்கும் பிள்ளைக்குக் கையால எதுவும் குடுக்காதீங்க."

வீட்டுக்கு நடக்க அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தில் நான் கணக்குப் போட்ட அழகைக் கேளுங்கள். மாத்திரை உள்ளே போய்விட்டது. இனி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. என் சீட்டைக் கிழித்துவிடலாம். ஜெனியின் சீட்டை ஒளித்துவிட்டு, "உன்னோடது மட்டும் இன்னும் வரலயாம்" என்றால் போதும். அவள் இன்னும் ஒரு மாதம் அந்தப் பக்கமே கிடப்பாள். குழந்தை என்னோடு இருக்கும். கையால் ஊட்டாவிட்டால் என்ன, அவள் வாங்கி வைத்த ஸ்பூன் இருக்கிறதே. சாலையோர ஓடையில் என் சீட்டைக் கிழித்துப் போட்டேன். ஜெனியின் சீட்டை ரவிக்கைக்குள் சொருகினேன்.

ஜெனி வாசலிலேயே நின்றாள். "எனக்குத்தானேக்கா?" என்றாள்.

"உன்னோடது மட்டும் இன்னும் வரல" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குள் குழந்தை ஓடி வந்தது. அம்மாவைத் தாண்டிக்கொண்டு என்னிடம்தான் வந்தது. பதினோரு வருஷமாக நான் ஏங்கியது அதற்குத்தான். காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து, "பெரிம்மா, பசிக்குது" என்று வாயைத் திறந்தது.

சிவந்த சின்ன வாய். பின்பல் வரை தெரிந்தது. இத்தனை நாளாக அதற்குள் நான் என்ன வைத்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். குழந்தை வாயை மூடாமல் காத்திருந்தது.

"எனக்குடி" என்றேன்.

"என்னக்கா?"

"எனக்குத்தான் புழு. உனக்கு ஒண்ணுமில்ல. நீ வச்சிட்டுப் போன சோத்தை ஒருநாளும் நான் அவளுக்குக் குடுக்கல. என் சோத்தைத்தான் கையால ஊட்டினேன். டாக்டர் கேட்டப்பவும் சொல்லல. இந்தா, உன் சீட்டு."

ரவிக்கையிலிருந்து எடுத்து நீட்டினேன். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைய வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். அவள் சீட்டை விரித்து ஒரு தடவை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"எனக்கு இல்லையா?" என்றாள். "என் கையால இல்லையா?"

"இல்ல."

நான் கொட்டிய மற்றது எதுவும் அவள் காதில் விழவில்லை. வெடித்த விரல்களோடு பாய்ந்து வந்து என் காலடியிலிருந்து குழந்தையை அள்ளினாள். கழுத்தில், காதில், உள்ளங்கையில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். குழந்தைக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு. "அம்மா, அம்மா" என்று அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தங்கள் பக்கம் போய்விட்டார்கள்.

என்னைத் திட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நாளைக்குத் தோன்றும். பென்சன் வந்ததும் தோன்றும். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. ஜெனி ஸ்பூனைத் தேடவில்லை. "ஆ காட்டு" என்றாள். கெஞ்சவில்லை. பசித்த பிள்ளைக்கு எதற்குக் கெஞ்ச வேண்டும்? "இன்னும்" என்று கேட்டது அருள்மேரி.

நான் கேட்டுக்கொண்டே நின்றேன். அந்தக் குழந்தை பிழைக்க வேண்டும் என்று எனக்கு இருந்ததும் நிஜம், இன்னும் ஒரு வாய்கூட ஜெனி கையால் சாப்பிடக் கூடாது என்று இருந்ததும் நிஜம்.