அறுபத்திரண்டு முனகல்

ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு கிறிஸ்துமஸ் நகைச்சுவைப் படத்தில் அப்பா பாத்திரத்துக்கு டப்பிங் பேசியதிலிருந்து தெருவில் அவருக்கு 'அப்பாக்குரல்' என்றே பெயர். மருந்துக்கடையில் இருமல் மருந்து கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கும் குழந்தைகள் சிரிக்கும். இருமலுக்கல்ல, குரலுக்குத்தான் என்று அவர் உறுதியாக நம்பினார்.

அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்துக்குக் கூப்பிட்டபோது மூன்று நாள் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துவிட்டுப் போனார். டப்பிங் அறையில் அவர் கையில் கொடுத்தது ஒரே ஒரு தாள். பக்கத்தில் நின்ற மைத்துனன் கையில் பெரிய தாள்கட்டு இருந்தது.

மைத்துனனை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தவரே அவர்தான். முதல் பாகத்தில், கடைத்தெருக் கூட்டத்தில் "ஐயோ!" என்று கத்த ஓர் ஆள் குறைந்தது. வீட்டில் சோபாவோடு சோபாவாகக் கிடந்த மனைவியின் தம்பியைப் பிடித்து வந்து நிறுத்தினார். அந்த ஒற்றை ஐயோ ஏழு வருடத்தில் இப்படி முளைத்துக் கிளைவிடும் என்று யார் கண்டது?

"கதை என்னன்னா சார்," என்றார் டப்பிங் டைரக்டர், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "முதல் சீன்லயே அப்பா கூரையில விளக்கு மாட்டப் போய் விழுந்துடறாரு. தாடை போச்சு. மூஞ்சி பூரா கட்டு. பண்டிகையைத் தாய்மாமன்தான் எடுத்து நடத்தறாரு. அப்பாவுக்குப் படம் முழுக்க 'ம்ம்' மட்டும்தான்."

"மொத்தம் எத்தனை 'ம்ம்'?"

"அறுபத்திரண்டு. கடைசியில கட்டைப் பிரிச்சதும் ஒரு முழு வசனம் இருக்கு சார்!"

"தாய்மாமனுக்கு?"

டைரக்டர் கொஞ்சம் தயங்கினார். "அவருக்கு மொத்தப் படமும் சார்."

"மாமா, வசனம் எவன் வேணா பேசுவான்," என்று மைத்துனன் ஆறுதல் சொன்னான். "முனகறதுலதான் நடிப்பே இருக்கு."

"அப்ப நீ முனகு. நான் பேசறேன்."

"ஐயய்யோ, எனக்கு அவ்வளவு அனுபவம் கிடையாது மாமா."

முதல் நான்கு முனகல்களும் தேறவில்லை. "உள்ளே ஏதோ பேசற மாதிரி இருக்கணும் சார். வாயில துண்டை வெச்சுக்கிட்டு நிஜமாவே பேசுங்க. உதட்டுக்குப் பொருத்த வேண்டியதில்லை. மனசுல தோணறது எதுவானாலும் சரி," என்றார் டைரக்டர்.

சொல்லியிருக்கக் கூடாது. அப்பாக்குரல் கைத்துண்டைக் கடித்துக்கொண்டார். திரையில் தாய்மாமன் மேஜைமேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தான்.

என் நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு என் முன்னாடியே நிக்கிறியேடா, என்று மைத்துனனைப் பார்த்துத் துண்டுக்குள் சொன்னார்.

"பிரமாதம் சார்!"

மடை திறந்தது. காலையில் குளியலறைக்குள் போனால் ஒரு மணி நேரம் குடியிருப்பது, கல்யாண போட்டோவில் அவர் முகத்துக்கு நேரே தலையை நீட்டியது என்று ஒன்றையும் விடவில்லை. முப்பத்தேழாவது முனகலில் மனைவியையும் சேர்த்துக்கொண்டார்: தம்பின்னா மட்டும் உங்கக்காவுக்குப் பல்லு அத்தனையும் தெரியும். டைரக்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். வயிற்றெரிச்சலைக் கலையாக மாற்றிவிட்ட திருப்தியில் அப்பாக்குரலும் தேநீர் குடிக்க உட்கார்ந்தார்.

மைத்துனன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "சட்டையைச் சாயங்காலம் துவைச்சுக் கொடுத்துடறேன் மாமா."

அப்பாக்குரல் தேநீரைக் கீழே வைத்தார். "உனக்கு எப்படிடா புரிஞ்சுது?"

"தினம் பல் தேய்க்கும்போது பிரஷ்ஷோடதானே என்னைத் திட்டறீங்க. பழகிப்போச்சு. அக்காவுக்கு இன்னும் தெளிவாப் புரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதல் நாளே படம் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டிருக்கா," என்றும் சேர்த்தான்.

கடைசியாக, முழு வசனம். படத்தில் அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்கும் ஒரே இடம். தெருவில் அவர் பெயர் நிலைக்க அது ஒன்றுதான் மிச்சம். தாளைத் திருப்பினார்.

'மச்சான், நீ இல்லேன்னா இந்த வீட்ல பண்டிகையே இல்லடா.'

பதினோரு தடவை சொல்லிப் பார்த்தார். "உதடெல்லாம் பொருந்துது சார். ஆனா சாபம் விடற மாதிரியே இருக்கு," என்றார் டைரக்டர்.

"மாமாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு போல," என்றான் மைத்துனன். "நான் வேணா அவர் குரல்லயே..." என்று அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டினான்.

அச்சு அசல். அதுவரை தலை நிமிராத சவுண்டு இன்ஜினியரே நிமிர்ந்து பார்த்தார். டைரக்டர், "ஒரே ஒரு டேக் எடுத்துப் பார்த்துடலாமா சார்?" என்று இழுத்தார். படம் போனது, சட்டை போனது, இப்போது குரலும்.

"எங்கடா கத்துக்கிட்டே?"

"வீட்ல முதல் பாகம் போடறப்பல்லாம் நீங்க பேசற இடத்துல சத்தத்தைக் கூட்டி வெச்சுக் கேப்பேன் மாமா."

அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த இடங்களில் மனைவி சமையலறைக்குப் போய்விடுவாள். பிள்ளைகள் சண்டை போடுவார்கள். ரிமோட்டைத் தேடியெடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிற கை ஒன்று உண்டு. பெரும்பாலும் அது நீலச் சட்டைக் கை.

மைக் அருகே போனார். "நான்தான் சொல்லுவேன். போடுங்க."

பன்னிரண்டாம் தடவை வசனம் நெஞ்சிலிருந்து வந்து, உதட்டில் சரியாக உட்கார்ந்தது. பக்கத்தில் நின்ற மைத்துனன், மைக் இருப்பதையும் மறந்து, விக்கி விக்கி அழுதான்.

"ஓகே!" என்று டைரக்டர் துள்ளினார். "அந்த அழுகை! ஐயோ, என்ன அழுகை சார் அது! அப்படியே வெச்சுக்கறோம். வசனம் அதை மறைக்குது, வசனத்தை மட்டும் கொஞ்சம் தணிச்சுடறோம்."

அப்பாக்குரல் துண்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, நிதானமாக, நீளமாக ஒரு 'ம்ம்' கொடுத்தார்.

"அறுபத்து மூணு," என்று இன்ஜினியர் குறித்துக்கொண்டார்.

மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதையும் அக்கா கேப்பா மாமா," என்றான்.