பாதிக் கோணம்

"சூரியன் தெரியுதா?" என்று வயர்லெஸில் கேட்டேன்.

"மேல தெரியுது. கீழ என் காலே தெரியலை" என்றான் க்ளெப். "ரிம்மா, நீ சூப்பைச் சூடு பண்ணி வை. காத்து பயமுறுத்துது, பசி அதைவிட பயமுறுத்துது."

க்ளெப் என் கணவன். ஆர்க்டிக்கின் காரா கடலில், எங்கள் வானிலை நிலையம் இருக்கும் தீவுக்கு அவன் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அன்று பனியின் ஆழம் அளக்க, பனிச்சறுக்குக் கட்டைகளில் வடக்குக் குடிசைக்குத் தனியாகப் போயிருந்தான். திரும்பும் வழியில் காற்று எழுந்துவிட்டது. தரையோடு பறந்த பனித்தூளில் எதிரே எதுவும் தெரியவில்லை. எங்கள் தீவில் திசைகாட்டியின் ஊசியை நம்ப முடியாது. ஜூன் மாதம் என்பதால் சூரியன் மறைவதில்லை. அதை வைத்துத்தான் திசை பார்ப்போம்.

"வழி தெரியுமா?"

"பட்டாளத்துல படிச்சவன்டி நான். மணி முள்ளைச் சூரியனுக்கு நேரா வெச்சேன். அதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவுல பாதி எடுத்தேன். அதுதான் தெற்கு. நிலையமும் தெற்குலதான். மணிக்கொரு தரம் பார்த்துப் பார்த்து வரேன்."

எனக்குப் பின்னால் ஸ்பூன் கீழே விழுந்தது. நிலையத் தலைவர் அர்காதி ஃபோமிச் எழுந்து நின்றிருந்தார். 

"பாதியா? பாதி எடுத்தேன்னா சொன்னான்? அவன் கையில எந்தக் கடிகாரம்?"

 அவனுடைய கடிகாரம் நின்றுபோனதால், காலையில்தான் ஸ்டோரிலிருந்து எங்கள் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போனான். இருபத்து நான்கு மணிக் கடிகாரம். பகலும் இரவும் ஒரே வெளிச்சமாக இருக்கும் இடத்தில், காலை ஆறா மாலை ஆறா என்று குழம்பாமலிருக்க நாங்கள் எல்லோரும் கட்டுவது.

சாதாரணக் கடிகாரத்தில் மணி முள் நாளுக்கு இரண்டு சுற்று. சூரியனோ ஒரு சுற்று. அதனால்தான் பாதி. எங்கள் முள்ளும் சூரியனைப் போல ஒரே சுற்றுதான். முள்ளைச் சூரியனுக்குக் காட்டினால், பன்னிரண்டு இருக்கும் பக்கமே தெற்கு. பாதி எடுத்தால்...

"க்ளெப்! நில்லு! பாதி எடுக்காதே! கேட்குதா?"

கரகரப்பு. பிறகு அதுவும் இல்லை. குளிரில் பேட்டரி செத்துவிட்டது.

"மதியம் தாண்டியாச்சு, சூரியன் மேற்கே இருக்கு. அதுக்கும் தெற்குக்கும் நடுவுல, தென்மேற்கே போறான்" என்று தலைவர் முணுமுணுத்தார். மேற்கில் ஜலசந்தி. அங்கே பனிக்கட்டி உடைய ஆரம்பித்துவிட்டது என்று நேற்றுதான் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தேன்.

கயிற்றை எடுத்துக்கொண்டு டிராக்டரில் பாய்ந்து ஏறினோம். தலைவர் வரைபடத்தில் குடிசையிலிருந்து நேர்கோடு ஒன்று கிழித்தார். அது மேற்குக் கரையின் பாறை முனையில் போய் முட்டியது.

"முனையில போய்ப் பிடிச்சிடலாம்."

"இல்லீங்க!" நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவன் நேரா வரமாட்டான். மணிக்கொரு தரம் பார்க்கிறேன்னான். சூரியன் நகர நகர, அவன் எடுக்கிற பாதியும் நகரும். ஒவ்வொரு தடவையும் இன்னும் வலப்பக்கம் திரும்புவான். முனைக்கு வடக்கே, ரொம்ப முன்னாடியே கடல்ல இறங்கிடுவான்!"

 அவர் நேர்கோட்டை விரலால் அழித்தார். டிராக்டரை வடக்கே திருப்பினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காற்று அடங்கியிருந்தது; கரை விளிம்பில் புதிய சறுக்குத் தடங்களைப் பார்த்தோம். கரையில் அவை நிற்கவில்லை. கடல்மேல் உறைந்த பனியில் இறங்கிப் போயிருந்தன. தடத்தைப் பிடித்து ஓடினேன். திடீரென்று தலைவர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

என் காலுக்கு முன்னால் கறுப்புத் தண்ணீர்.

தடங்கள் அதன் அந்தப் பக்கத்திலும் இருந்தன. அவற்றின் முடிவில், பெயர்ந்து நகர்ந்துகொண்டிருந்த பனிப்பாளத்தில், க்ளெப் எங்களுக்கு முதுகு காட்டி நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் மிதக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"வந்துட்டீங்களா? நிலையம் எங்கே? தெற்குலதானே வரேன்?" என்று எங்கள் காலடி கேட்டுத் திரும்பாமலே சிரித்தான்.

"பின்னால பாருடா, முட்டாளே!" என்று தலைவர் கத்தினார்.

திரும்பிப் பார்த்தான். சிரிப்பு அப்படியே உறைந்துபோனது.

கயிற்றை வீசினோம். முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது. அடுத்ததை இடுப்பில் கட்டிக்கொண்டு தாவினான். மார்பு வரை முழுகினான். இருவரும் மல்லாந்து விழுந்து இழுத்தோம். மேலே வந்ததும் ஓங்கி ஓர் அறை விட்டேன். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு கதறினேன்.

"பாதி... எடுக்கக் கூடாதா?" பற்கள் கிடுகிடுத்தன.

"எடுக்கக் கூடாது."

டிராக்டர் கண்ணுக்கெதிரேதான் நின்றது. அவன் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"எந்தப் பக்கம்னு நீயே சொல்லு, ரிம்மா" என்று என் கையைப் பற்றிக்கொண்டு கண்களை மூடிக்கொண்டான்.