மாலிவனின் கட்டைவிரல்

மேகாங் ஆற்றில் மழை பிடித்துக்கொண்டால் கரையிலுள்ள நோங்காய் ஊரே அரைத்தூக்கத்துக்குப் போய்விடும். நாய் ஆஸ்பத்திரியின் அறுவை அறையிலும் அதே கதைதான். தகரக் கூரையில் மழை, மயக்க வாயு கசியும் மெல்லிய சீறல், மேஜையில் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கும் தோங்.

தோங், நர்ஸ் மாலிவனின் சொந்த நாய். புருஷன் போனபின் அவளுக்கென்று மிஞ்சிய ஒரே உயிர். மண்ணீரலில் கட்டி. சொந்த நாயின் அறுவைக்கு அவள் நிற்க வேண்டாம் என்று டாக்டர் வீரயுத் எவ்வளவோ சொன்னார். கேட்கிற ஆளா அவள்?

தோங்கின் உள்தொடையில் கைவைத்து நாடி பார்த்தாள். வீட்டில் அவனைத் தடவிக்கொடுக்கும் பழக்கத்தில் கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. அதனடியில் நாடி சீராக ஓடியது. அந்தத் தாளத்தில் அவள் கண் செருகியது. அரைக்கனவில் கோடை, ஆறு வற்றி மணல்திட்டு எழுந்திருக்கிறது. தோங் முன்னால் ஓடுகிறான், ஒட்டரிசிச் சோற்றுக் கூடையோடு அவள் பின்னால் போகிறாள்.

"மாலி அக்கா, நாடி மெஷின் நாப்பதுங்குது," என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

"அது என்னிக்கு உண்மை சொல்லிச்சு? நாக்கு காஞ்சிருக்கும், அதுல மாட்டின கிளிப்பு உளறுது. என் கையில ஜம்முனு அடிக்குது டாக்டர்."

அந்த மெஷினின் லட்சணம் ஊரறிந்தது. ஈரப் பஞ்சால் நாக்கைத் துடைத்தாள். எண் ஏறவில்லை.

அப்போது டாக்டரின் கையிலிருந்து இடுக்கி நழுவித் தட்டில் டணாரென்று விழுந்தது. மாலிவன் திடுக்கிட்டாள். விரலடியில் நாடியும் துள்ளிக்கொண்டு ஓடியது.

மயங்கிக் கிடக்கிற நாய் எதற்குத் திடுக்கிட வேண்டும்?

இவ்வளவு நேரம் அவள் எண்ணியது கட்டைவிரலுக்குள் ஓடும் தன் நாடியை. கட்டைவிரலை எடுத்துவிட்டு இரண்டு விரல்நுனிகளை வைத்தாள். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருவதற்குள் அவளுக்கு உயிரே போய்விட்டது.

"டாக்டர், மெஷின் சொன்னதுதான் நிஜம்! நான் பாத்தது என்னோடது!"

வாயுவைக் குறைத்தாள், ஊசி மருந்தை ஏற்றினாள். "வாடா தங்கம், என்னை விட்டுட்டுப் போயிராதடா," என்று வாய்விட்டு அழுதாள். மழை விடாமல் பெய்தது. விரல்நுனியில் துடிப்புகள் மெல்ல மெல்ல நெருங்கி வந்தன.

தையல் முடிந்ததும் டாக்டர் அவள் கட்டைவிரலில் பிளாஸ்திரியை இறுகச் சுற்றினார். "புதுசா வர்ற பிள்ளைங்கள, கட்டைவிரல வெச்சு நாடி பாத்ததுக்குத்தானே அக்கா அந்தத் திட்டு திட்டுவீங்க?"

"திட்டுவேன். அதுங்க தொட்டது என் தோங்கையா?"

சாயங்காலம் தோங் கண் திறந்தான். தலையைத் தூக்க முடியாமல் மூக்கால் துழாவி, பிளாஸ்திரி சுற்றிய அந்தக் கட்டைவிரலைத்தான் முதலில் நக்கினான்.