எட்டு இருக்க வேண்டிய அட்டை

அட்டையைத் திருப்பித் திருப்பி எண்ணினாள் மருமகள். எட்டு இருக்க வேண்டும், ஐந்துதான் இருந்தது. சமையலறைக் கதவை முதுகால் சாத்திக்கொண்டு, விரல் நுனியால் ஒவ்வொரு குமிழாகத் தொட்டு எண்ணினாலும் அதே ஐந்து. கை வேறு நடுங்கித் தொலைத்தது. கூடத்தில் மாமனாரைக் கட்டிலோடு நடுவில் இழுத்துப் போட்டு, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். காலை ஆறரைக்கு ஷூவுக்கு நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. பத்து மணிக்கு டாக்டர் வந்து சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். நாலு மணிக்கு மயான வண்டி. இப்போது ஒன்பதே கால்.

அட்டை அவளுடையது. மனச்சோர்வுக்கான மாத்திரை, வெள்ளை வட்டம். மாமனாரின் இதய மாத்திரையும் வெள்ளை வட்டம்தான். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை அவருடைய ஏழு நாள் பெட்டியை நிரப்பியவளும் அவள்தான். நிரப்பும்போது இரண்டு அட்டைகளும் கையில் இருந்தது நினைவிருக்கிறது. எதிலிருந்து எதைப் பிதுக்கிப் போட்டாள் என்பது மட்டும் எவ்வளவு முட்டி மோதிப் பார்த்தாலும் நினைவுக்கு வரவில்லை.

நினைவு எப்படி இருக்கும்? இது மூன்றாவது மருந்து. முதல் மருந்து அவளைப் பகலெல்லாம் தூங்க வைத்தது. இரண்டாவது, அந்தத் தூக்கத்தை வட்டியும் முதலுமாகப் பிடுங்கிக்கொண்டது. இந்த மூன்றாவதை ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள்; ஓர் அட்டை தீர்ந்து, இது இரண்டாவது அட்டை. குமட்டல், வறண்ட வாய், நடுக்கம், நேரம் காலம் இல்லாத கொட்டாவி. அவள் வேலை பார்த்தது மூக்குக் கண்ணாடிக் கடையில். எறும்புத் தலை அளவு ஸ்க்ரூவைச் சட்டத்தில் திருகுகிற வேலை. இந்தக் கையை வைத்துக்கொண்டு கதவுத் தாழ்ப்பாளைக்கூடத் திருக முடியாது. விடுப்பில் இருந்தாள். மனநல டாக்டரம்மா, "நாலு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க, முதல்ல கஷ்டம் தெரியும், பலன் பின்னாடிதான் வரும்" என்று சொல்லியிருந்தார். லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டான்: "எல்லாம் உன் மனசுதான். அந்தக் காகிதத்துல போட்டிருக்கறதைப் படிச்சுட்டு அப்படியே வருதுங்கற."

கதவு தள்ளப்பட்டது. நாத்தனார்.

நாத்தனாருக்குப் பெரிய துணிக்கடையில் கேமரா பார்க்கிற உத்தியோகம். பன்னிரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, எவள் புடவையை மடித்துப் பைக்குள் தள்ளுகிறாள் என்று பார்ப்பது. அப்பாவோ ரயிலில் முப்பத்து நாலு வருஷம் டிக்கெட் பரிசோதகர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவே அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிட்டது. அந்த வீட்டில் ஒரு பிஸ்கட் எடுத்தால்கூட யார் எடுத்தது என்று விசாரணை நடக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் இவள் வாழ வந்தாள்.

"கதவை எதுக்குச் சாத்துன?" என்றாள் நாத்தனார். "அங்க அத்தனை பேரு வந்து உக்காந்திருக்காங்க. நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அப்பா முகத்துக்கு நேரா நின்னுகிட்டு ஆவ்னு வாயைப் பொளந்து கொட்டாவி விடற. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அது மருந்தால வருது அண்ணி."

"கையில என்ன?"

ஒளிக்க நினைத்தாள். ஆனால் இந்தக் கை எதை ஒளிக்கும்? அட்டை பிளாஸ்டிக் சலசலப்போடு ஆடியது. செக்கர் இருந்திருந்தால், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னதையே மறுபடி சொல்லியிருப்பார்: "ஏம்மா, டிக்கெட் இல்லாதவன் கை மாதிரி ஆடுது?" அன்று முதல் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளையே பார்த்தார். பல் தேய்த்தால் பார்த்தார், டம்ளர் கழுவினால் பார்த்தார். அவள் மாத்திரை வைக்கும் அலமாரிப் பக்கமாகக் காரணமே இல்லாமல் நடந்தார். தன்னை எதிலோ மாட்டிவிடத்தான் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றும். அவர்மேல் அவளுக்கு ஆத்திரம் இருந்தது. அதுதான் இப்போது பயமாக இருந்தது. ஆத்திரம் இருந்தவள் கை தவறினால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லையே.

"மூணு குறையுது அண்ணி," என்றாள். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "என் மாத்திரை. மாமாவோட பெட்டியில மாத்திப் போட்டுட்டேனோன்னு பயமா இருக்கு. சத்தியமா எனக்கு ஞாபகம் வரல."

நாத்தனார் கத்துவாள், கூடத்தைக் கூட்டுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். அவளோ திரையைப் பார்ப்பதுபோல் இவள் முகத்தையே பார்த்தாள். பார்த்துப் பார்த்துக் கடைசியில், "வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நான் வந்து கேட்கலைன்னா சொல்லியிருப்பியா?"

அவள் அட்டையை மறுபடி எண்ண ஆரம்பித்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாத்தனாரே போய் இறுக்கி மூடினாள்.

"டாக்டர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீயே அவர்கிட்ட சொல்லணும். நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன். எப்படிச் சொல்லுவேன்னு உனக்கே தெரியும்."

டாக்டர் பத்து நிமிடம் தாமதமாக வந்தார். ஆறு வருஷமாகச் செக்கரின் இதயத்தைப் பார்த்தவர். இமையை விலக்கிப் பார்த்தார், மார்பில் கருவியை வைத்தார், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். கணவன் பக்கத்தில் நின்று வயசும் பிறந்த தேதியும் சொல்லிக்கொண்டிருந்தான். அழுது அழுது அவன் குரல் கட்டியிருந்தது. அப்பாவென்றால் அவனுக்கு உயிர். தன் ஒரு வாயசைவில் இந்த மனுஷன் தன்னை வாழ்நாளெல்லாம் வெறுக்கப் போகிறான் என்று நினைத்ததும் அவள் ஓர் அடி பின்வாங்கினாள். முதுகில் ஒரு விரல் குத்தியது. நாத்தனாருடையது.

"டாக்டர், ஒரு நிமிஷம். கையெழுத்துப் போடாதீங்க."

"நீ சும்மா இரு," என்றான் கணவன்.

"சும்மா இருக்க முடியாதுங்க." நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பிய்த்து எடுத்துப் பேசினாள். அட்டை, பெட்டி, ஞாயிற்றுக்கிழமை, மூன்று. எல்லாவற்றையும் மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். கணவனின் முகம் வெளுத்தது. "என்ன உளர்ற?" என்று கேட்டான், கேள்வியாக இல்லாமல் கெஞ்சலாக.

டாக்டர் பேனாவை மூடினார். பெட்டியைத் திறந்து ஒவ்வோர் அறையாக உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்தில் பார்த்தார். "அவரோட மாத்திரைக்கு நடுவுல ஒரு கோடு இருக்கும். உங்களுதுக்குக் கிடையாது. பாருங்க, ஆறும் கோடு போட்டது." பிறகு இதய மாத்திரை அட்டையை எடுத்தார். "ஞாயித்துக்கிழமை புது அட்டைதான் பிரிச்சீங்களா? பத்துல மூணு மீதி. அப்ப ஏழு வெளிய வந்திருக்கு. பெட்டியில ஆறு. நேத்துக் காலையில ஒண்ணு சாப்பிட்டிருக்கார், இன்னைக்கு சாப்பிடறதுக்கு முன்னாடியே போயிட்டார். கணக்கு நேராத்தானேம்மா இருக்கு. நீங்க மாத்திப் போடல."

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை, மார்புக்குள் ஏதோ மெதுவாக இறங்கியது.

"அப்ப அந்த மூணு எங்க?" என்றாள் நாத்தனார். ஆறுதலெல்லாம் அவளுக்கு அப்புறம்தான்.

கேட்டுவிட்டு அவளே எழுந்தாள். அப்பாவின் சட்டைகள் தொங்கும் ஆணியில் தேடி, பையிலிருந்து உள்ளங்கை அளவுக் குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். "ரயிலை விட்டும் இந்தப் பழக்கத்தை விடல. வீட்டுல எது நடந்தாலும் எழுதுவார். இவ என்ன செஞ்சாலும் இதுல இருக்கும்." படித்துக்காட்டுகிற குரலில் ஒரு தெம்பு இருந்தது, திருடியைப் பிடித்த நாள்களில் இருக்கும் தெம்பு.

"'ஞாயிறு. காலை 8.10. மருமகள் கையில் நடுக்கம். டம்ளர் விழுந்தது. விசாரித்ததில் மாத்திரை என்கிறாள். மகனை விசாரித்ததில் மனசு என்கிறான். இருவரில் ஒருவர் பொய்.'"

கணவன் தரையைப் பார்த்தான்.

"'திங்கள். காலை 7.30. மருமகளின் இரண்டாவது அட்டையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து விழுங்கினேன். அனுமதி பெறவில்லை.'"

நாத்தனாரின் குரல் அங்கேயே தடுக்கியது. டாக்டர் "அடக் கடவுளே" என்றார்.

"படிங்க அண்ணி," என்றாள் மருமகள்.

"'11.00 வயிற்றைப் புரட்டுகிறது. 1.00 சாப்பாடு வேண்டாம் என்றேன். 4.00 முதல் 5.00 வரை கொட்டாவி, பதினாறு. 6.00 கை நடுக்கம். தற்செயலாக இருக்கலாம். நாளையும் பரிசோதிக்க வேண்டும்.' அப்புறம் செவ்வாய். 'அதே. தொண்டை காய்கிறது. ராத்திரி தூக்கம் இல்லை.' புதன்." நாத்தனார் பக்கத்தைத் திருப்பினாள். திருப்பியவள் படிக்கவில்லை. புத்தகத்தை அப்படியே தம்பியிடம் நீட்டினாள். "நீ படி. இது உனக்கு."

அவன் படித்தான். கட்டிப்போன குரல், அதில் பாதிதான் வெளியே வந்தது.

"'புதன். மூன்றாம் நாள். இத்துடன் நிறுத்திக்கொண்டேன். என்னால் நிறுத்த முடிகிறது, அவளால் முடியாது. இத்தனையோடும் அவள் சமைக்கிறாள், என் பெட்டியை நிரப்புகிறாள். மருமகள் சொன்னது உண்மை. மகனிடம் சொல்ல வேண்டும்.'"

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், ஐந்து நாளும் அவர் மகனிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவும் மகனும் அப்படித்தான்; கிரிக்கெட் ஸ்கோர் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டவர்கள் இல்லை.

"இதாலதானா டாக்டர்?" என்று கேட்டான் கணவன்.

"அடுத்தவங்க மாத்திரையை எடுத்துத் தின்னது முட்டாள்தனம். இதய நோயாளி வேற. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருந்தா நல்லா நாலு வாங்கியிருப்பார்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா மூணு மாத்திரை, அதுவும் நிறுத்தி ஆறு நாள் ஆச்சு. அதைச் சொல்லி நான் எழுத மாட்டேன். அந்த இதயம் போன வருஷமே கையை விரிச்சிருச்சு. உங்க அப்பாகிட்டயும் சொல்லியிருந்தேன். அதை மட்டும் அவர் எழுதி வைக்கல போலிருக்கு."

கையெழுத்துப் போட்டார். எழுந்து நிற்கும்போது மருமகளைப் பார்த்தார். "பயந்துகிட்டு நீங்களா நிறுத்திடாதீங்க. ரொம்ப முடியலைன்னா உங்க டாக்டருக்கு உடனே போன் பண்ணுங்க. மறுபடி எப்பப் போகணும்?"

"நாளை மறுநாள். வியாழக்கிழமை பத்து மணிக்கு."

"யார் கூட வர்றாங்க?"

"நான் தனியாத்தான் போவேன்."

டாக்டர் கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பைத் தேடிப் போனார்.

மருமகள் கட்டிலருகே வந்து நின்றாள். அவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாள்கள் முழுக்க அவளுடைய குமட்டலை அவரும் சுமந்திருக்கிறார். பாவி மனுஷா, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று நினைத்தாள். கேட்டார்தான், சொன்னாள்தான், அவருக்குக் கேட்டது போதவில்லை. இந்த வீட்டில் அவளை நம்புவதற்கு இத்தனை பாடுபட்டவர் வேறு யாரும் இல்லை. அவருடைய ஒரு ஷூவின் நாடா இன்னும் அவிழ்ந்தே கிடந்ததாக யாரோ சொல்ல, நாத்தனார் போய்க் கட்டிலுக்கடியிலிருந்து அந்த ஷூக்களை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு அப்போதுதான் ஓவென்று அழுதாள்.

வாசலில் கணவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். மேலதிகாரி. துக்கம் விசாரிப்பு முடிந்து விடுப்புக்கு வந்திருந்தது பேச்சு.

"இல்ல சார், அப்பாவுக்கு ரெண்டு நாள் போதும். வியாழக்கிழமையும் வேணும். அது வேற விஷயம்." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவன் தலையைச் சொறிந்தான். கூடத்து நாற்காலிகளை ஒரு தரம் பார்த்துவிட்டு, இரைச்சலான இடத்தில் பேசுகிறவன்போல் குரலை உயர்த்தினான். "என் மனைவியைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்டப் போகணும் சார். மனநல டாக்டர். ஆமா. ரெண்டு வாரமா அவளுக்கு ரொம்ப முடியல."

நாற்காலிகளில் இருந்த அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

அவள் மேசைக்குப் போனாள். அன்றைய மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கினாள். எல்லோரும் பார்க்க வாயில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் குடித்தாள். மீதி அரை டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, போனை வைத்துவிட்டு நின்றவனிடம் நீட்டினாள்.